போல்ட்டின் மேல் ஒரு பச்சைக் கோடு

அக்கா,

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் நெயில் பாலிஷ் வாசனை வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை யாருடைய கல்யாணத்துக்கோ போய் வந்தவள், என் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சில் ரிமூவரைத் தொட்டு விரல்களை அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். நகத்தில் பூச்சு இருந்தால் லைனுக்குள் விடமாட்டார்கள் என்று பாதி வழியில்தான் யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஏ.சி. பஸ், ஜன்னல் எல்லாம் மூடியிருக்கிறது. வாசனை வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றியது. முன் சீட்டுக்காரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைத் திட்டினார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ரிமூவர் நெடி கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து அந்தப் பெண் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டாள். மற்றவர்களுக்கு அது நகத்தின் வாசனை. எனக்கு அது உங்கள் வண்டியின் வாசனை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

உங்களைப் பற்றி யாரிடம் பேச ஆரம்பித்தாலும் அந்த வண்டியில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. தெற்கேயிருந்து வேலைக்கென்று வந்து, மணிமங்கலம் தாண்டி உங்கள் தெருவில் ஓர் அறை எடுத்திருந்தேன். கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு சரி, ஊருக்குள் வராது. விடிந்தும் விடியாத நேரத்தில் ஏரிக்கரை ஓரமாகத் தனியாக நடந்து போவேன். ஒரு நாள் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எவனோ என்று பயந்து திரும்பினால், சுடிதாருக்கு மேல் எங்கள் கம்பெனிச் சட்டை, தலையில் ஹெல்மெட், கழுத்தில் சின்னச் சிலுவை தொங்கும் செயின். "தே, நம்ம காரு சீட்டு கம்பெனி தான நீ? இப்டி நடந்துகினே போனா ஷிஃப்ட்டு முடியற நேரத்துக்கு தான் போய் சேருவ. ஏறு" என்றீர்கள். யார், என்ன என்று கேட்காமல் ஏறிக்கொண்டேன். அன்றிலிருந்து உங்களுக்குப் பின்னால் என் இடம் நிரந்தரமாகிவிட்டது.

வண்டி உங்கள் வீட்டுக்காரருடையது. சர்க்கரை வியாதியில் பார்வை மங்கி அவர் ஓட்டுவதை நிறுத்தியதும், விற்றுவிடலாம் என்று எல்லோரும் சொல்ல, நீங்கள் வயல்காடாக இருந்து மனைப்பிரிவாகிவிட்ட பொட்டலில் ஓட்டிப் பழகிக்கொண்டீர்கள். பஸ்ஸில் போனால் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டுக் கிளம்ப முடியாது என்பது காரணம். ஓட்டுவதில் உங்களுக்கு இருந்த ஆசையும் ஒரு காரணம்தான், மறைக்காதீர்கள். மேடேறும்போது நீங்கள் முனகிய சர்ச் பாட்டு எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. அதன்மேல் மாட்டியிருந்த சாமான்கள்தான் எதுவும் அந்த வண்டிக்கென்று செய்ததில்லை. கண்ணாடி வேறொரு வண்டியுடையது, குலுங்கும்போதெல்லாம் தலையைத் தொங்கப் போடும். அதன் கழுத்தில் சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டிச் சுற்றியிருந்தீர்கள். நம்பர் பிளேட் கடகடக்காமல் இருக்க ஹவாய் செருப்பின் அடியை வட்டமாக வெட்டி வாஷராகப் போட்டிருந்தீர்கள். கால் காப்புக் கம்பிக்கும் அதைப் பிடிக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே உங்கள் மகள் ரூபியின் பழைய ஸ்கூல் பெல்ட்டில் ஒரு துண்டு. வலது பக்கம் உங்கள் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கி நீல பெயிண்ட் அடித்துக் கொடுத்த தகரப் பெட்டி. அதைத் தாங்கும் தகடு நான்கு போல்ட்டில் நின்றது, நான்கிலும் செருப்பு வாஷர், போல்ட் தலைகளை மறைக்காமல் தகட்டின் விளிம்பில் ட்யூப் சுற்று. பார்க்கிங் ஷெட்டில் நிற்கும்போது கேட் செக்யூரிட்டி, "இன்னாக்கா, வண்டி ஆஸ்பத்திரிலருந்து நேரா வருதா? ஒடம்பு பூரா கட்டு" என்று கேலி பண்ணுவார். நீங்கள் சளைக்காமல், "கட்டு போட்டது அது, ஒனக்கு ஏன்யா வலிக்குது?" என்பீர்கள்.

ட்யூபைச் சுற்றி முடித்ததும் நீங்கள் முடிச்சுப் போடுவதில்லை. நுனியைக் கடைசிச் சுற்றுக்கு அடியில் திருகிச் செருகி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவீர்கள். எனக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்தீர்கள், வரவில்லை. ரூபிக்கும் வரவில்லை. அந்தச் செருகல் உங்கள் கைக்கு மட்டும்தான் நின்றது.

நெயில் பாலிஷ் விஷயம் அதற்கும் மேலே. கம்பெனியில் நம் வேலை கார் சீட்டின் இரும்புச் சட்டத்தில் போல்ட் முடுக்குவது. முடுக்கியதும் போல்ட் தலையில் தொடங்கிச் சட்டத்தின் மேல்வரை மஞ்சள் மார்க்கரால் ஒரே இழுப்பில் ஒரு கோடு போட வேண்டும். பிறகு எப்போதாவது போல்ட் துளி திரும்பினால்கூடக் கோடு உடைந்து இரண்டாகத் தெரியும். நாள் முழுக்க இதையே செய்கிற எல்லோரும் கேட்டைத் தாண்டியதும் மறந்துவிடுவோம். நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனீர்கள். மார்க்கரை வெளியே எடுத்துவர முடியாது என்பதால் ஃபேன்ஸி ஸ்டோரில் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கினீர்கள். மரையில் ஒரு சொட்டு விட்டு முடுக்கினால் காய்ந்து பிடித்துக்கொள்ளும், மேலே ஒரு கோடு இழுத்தால் காவலுக்கு ஆச்சு. "கைக்கு போடக்கூடாதுன்னு தான ரூல்ஸு? வண்டிக்கு போடக்கூடாதுன்னு எவனும் சொல்லலயே" என்று என்னிடம் நியாயம் பேசினீர்கள்.

"எதுக்குக்கா இவ்வளவு மெனக்கெடணும்? ஆடுனா சத்தம் கேக்கப் போவுது" என்று ஒரு தடவை கேட்டேன். பெட்டி மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "சத்தம் போட்டு கயண்டா காதுக்கு தெரியும் கண்ணு. சத்தம் போடாம கயல்றது தான் பேஜாரு. அதுக்கு தான் கோடு."

தினமும் காலையில் சாவி போடுமுன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவீர்கள். கண்ணாடி, கால் காப்பு, நம்பர் பிளேட், பெட்டி என்று ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டுவிட்டு, ஒரே வார்த்தைகள், ஒரே ராகம். "அல்லாம் அப்டியே கீது. ஏறு." அதைக் கேட்காமல் நான் ஏறியதே இல்லை. கோயிலில் மணி அடித்த பிறகுதான் கும்பிடுவது போல அது எனக்குப் பழகிவிட்டது.

நம் வண்டியோடு விட்டீர்களா? அதுவும் இல்லை. வாலாஜாபாத் ரோட்டு டீக்கடையில் ஒரு பையன் வந்து நிறுத்தினான், சாப்பாடு டெலிவரி செய்கிறவன். அவன் போன் ஹோல்டர் கைப்பிடியில் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. நீங்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய் அதைப் பிடித்தீர்கள்.

"இன்னாக்கா, என் வண்டி ஒன்ன இன்னா பண்ணுச்சி?" என்றான்.

"போன் ரோட்ல வுயுந்தா நீ குனிவ. குனிஞ்சா பின்னாடி வர்றவன் நிப்பானா? புடி இத." தலையிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றி ஹோல்டர் கழுத்தில் முறுக்கி முறுக்கிப் போட்டீர்கள். பையிலிருந்து சிவப்புக் குப்பி வந்ததும் அவன் அலறினான். "ஐயே, நெயில் பாலிஷு! பசங்க ஓட்டுவானுங்கக்கா."

"ஓட்டட்டும். நீ வூட்டுக்கு போய் சேரு, அது போதும்."

தலைமுடி அவிழ்ந்து காற்றில் பறக்க நீங்கள் வண்டி ஓட்டியதும், பின்னால் உட்கார்ந்திருந்த என் முகமெல்லாம் உங்கள் முடி அடித்ததும், நான் திட்டிக்கொண்டே வந்ததும் இப்போதும் கன்னத்தில் உறைக்கிறது.

தம்பியின் நிச்சயதார்த்தத்துக்காக நான் ஊருக்குப் போயிருந்தபோது அது நடந்தது. பனி மூட்டமான காலை, முதல் ஷிஃப்ட். பார்த்தவர் யாரும் இல்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த டீக்கடைக்காரர் கண்டதெல்லாம், வண்டி ஓரமாகக் கிடக்க, நீங்கள் அதற்கு அப்பால் கிடக்க, நீலப் பெட்டி திறந்தபடி ரொம்ப தூரத்தில் கிடக்க, உங்கள் டிபன் பாக்ஸும் மழைக்கோட்டும் ரோடு முழுக்கச் சிதறியிருந்ததுதான். அவர் மேல் குற்றமில்லை. கண்ணால் கண்டதை வைத்து ஒரு கதை சொன்னார்: பெட்டி கழன்று பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டது, வண்டி கவிழ்ந்துவிட்டது. எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

நான் வந்து சேரும்போது உங்களைக் கல்லறைக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். கடைசி மண்ணைத்தான் போட்டேன். பந்தலுக்குத் திரும்பினால் சொந்தக்காரர்கள் காப்பி குடித்துக்கொண்டு பேசுகிறார்கள். "செருப்பு ரப்பர வச்சி டப்பா கட்டிகினு ஹைவேல போனா இன்னா ஆவும்?" என்கிறது ஒரு வாய். "நெயில் பாலிஷ் பூசி வண்டி ஓட்டுனாளாம், பாரேன்" என்கிறது இன்னொரு வாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, என் ஊர்ப் பேச்சில் கத்தியதால் பாதி அவர்களுக்குப் புரிந்திருக்காது. உங்கள் வீட்டுக்காரர் குரல் வந்த திசையைப் பார்த்து, "வுடு தங்கச்சி, பேசிட்டு போவட்டும்" என்றார். ரூபி சுவரோடு சுவராக நின்றிருந்தாள். அழவில்லை. ஒவ்வொரு தடவை யாராவது "டப்பா" என்று சொல்லும்போதும் அவள் தோள் சுருங்கியதை நான் பார்த்தேன், என்னவென்றுதான் புரியவில்லை.

அதன் பிறகு நான் பஸ்ஸுக்கு மாறினேன். நீங்கள் விடவில்லை. கம்பெனியில் பெண்கள் டாய்லெட்டில் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் பார்க்கிறேன், அதன் ஸ்க்ரூ மேல் ஒரு சிவப்புக் கோடு. எப்போது போட்டீர்கள்? உங்களுக்காகப் பூசை வைத்த அன்று சர்ச்சில் முழங்காலிட்டால், முன் பெஞ்சின் காலில் ஒரு சிவப்புக் கோடு. ஒரகடம் கூட்ரோடு சிக்னலில் பஸ் நிற்கும்போது ஜன்னலுக்குக் கீழே ஒரு பைக் வந்து நின்றது. கைப்பிடியில் முறுக்கிய கறுப்பு ரப்பர் பேண்ட், பக்கத்தில் சிவப்புப் பொட்டாக ஒரு கோடு. நான் கண்ணாடியைத் தட்டினேன். அந்தப் பையனுக்குக் கேட்கவில்லை. சிக்னல் விழுந்ததும் போய்விட்டான். உங்கள் ரப்பர் பேண்டில் உங்கள் முடி ஒன்றிரண்டு இன்னும் சிக்கியிருக்குமா என்று அன்று முழுக்க அதே நினைப்பு. லைனில் மஞ்சள் கோடு போடப்போட, ஒவ்வொரு போல்ட்டும் நீங்கள் குனிந்து பார்க்கிற மாதிரியே இருந்தது. பயம் என்று சொன்னால் பயம்தான். நீங்கள் வருவீர்களோ என்றும் பயம், வராமலே போய்விடுவீர்களோ என்றும் பயம்.

ரூபி காலேஜுக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். சாப்பாடு கொண்டுபோனேன். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பிசைந்துகொண்டே இருந்தாள். அவள் விரல்களைப் பார்த்தேன். எப்போதும் பச்சையும் நீலமுமாகப் பூசி மினுக்குகிற பெண், நகத்தை எல்லாம் சதைவரை வெட்டியிருந்தாள், ரத்தம் கட்டியிருந்தது.

"ஏண்டி இப்படிப் பண்ணிக்கிட்டே?" என்று கையைப் பிடித்தேன்.

கையை உருவிக்கொண்டாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் தான் சித்தி முடுக்கினேன்."

"எத?"

"டப்பாவ. மொத நாளு சாயங்காலம் பின் டயரு மாத்தனாங்க. அதுக்காக டப்பா, தகடு அல்லாத்தையும் கயட்டிட்டாங்க. அம்மா அடுப்பாண்ட இருந்துச்சி, நீ மாட்டிடுன்னுச்சி. நான் தான் நாலு போல்ட்டும் முடுக்கினேன். செகப்பு தீந்துடுச்சின்னு என் பச்சைய எட்த்து கோடு போட்டேன். ட்யூபு சுத்தணும், போன் வந்துச்சி, மறந்துட்டேன். காலைல அம்மா போவும்போது நான் தூங்கிகினு இருந்தேன்." தட்டைத் தள்ளினாள். "அல்லாரும் டப்பா கயண்டுச்சி, டப்பா கயண்டுச்சின்றாங்க. நான் சரியா முடுக்கல சித்தி. நான் தான் அம்மாவ..."

அதற்கு மேல் அவள் வாயைப் பொத்திவிட்டேன். இல்லை என்று ஆயிரம் தடவை சொன்னேன். அவள் ஒரு தடவையும் நம்பவில்லை. நம்பும்படி என்னிடம் என்ன இருந்தது? எனக்கே தெரியாதே. உங்கள் வீட்டு வாசலில் செருப்பை மாட்டும்போது ஒன்று மட்டும் தோன்றியது. வண்டி இன்னும் காவல் நிலையத்தில்தான் நிற்கிறது. கோடு அதில் இருக்கும். நேராக இருந்தால் இந்தப் பெண் பிழைப்பாள். உடைந்திருந்தால், அவளிடம் என்ன சொல்வது என்பதை அங்கேயே நின்று முடிவு செய்துகொண்டுதான் திரும்ப வேண்டும்.

வார விடுமுறையில் போனேன். நிலையத்துக்குப் பின்னால் மதில் ஓரமாகப் பிடிபட்ட வண்டிகளும் அடிபட்ட வண்டிகளும் புல் முளைத்து நின்றன. சின்ன வயசுப் பெண் போலீஸ் ஒருத்தி கூட வந்தார். "இதாக்கா?" என்று கேட்குமுன்பே நான் அடையாளம் கண்டுவிட்டேன். கண்ணாடியின் கழுத்தில் உங்கள் ட்யூப் அப்படியே இருந்தது, கண்ணாடிதான் இல்லை. நம்பர் பிளேட்டில் செருப்பு வாஷர், சிவப்புக் கோடு. அந்த வண்டியில் என்னவெல்லாம் வளைந்து நொறுங்கியிருந்தாலும், நீங்கள் கட்டியது எதுவும் அவிழவில்லை. வலது பக்கம் போகத் தைரியம் வரவில்லை. அந்தப் பெண் போலீஸிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பிறகு போய்க் குனிந்தேன்.

பெட்டி இல்லாமல் தகட்டின் ஒரு பாதி மட்டும் வண்டியில் இருந்தது. தகடு கழன்றிருக்கவில்லை, கிழிந்திருந்தது. பின்னாலிருந்து முன்னால் மடங்கி, காகிதம் மாதிரி. கிழிந்து மிச்சமிருந்த பகுதியை நான்கு போல்ட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பச்சைக் கோடு. தலையிலிருந்து தகட்டுக்கு, நேராக, முடி அளவுகூட உடையாமல்.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் இன்னொன்றையும் கண்டேன். போல்ட்டுகளை ஒட்டித் தகட்டின் விளிம்பில் ட்யூப் சுற்றியிருந்தது. நுனியில் முடிச்சில்லை. கடைசிச் சுற்றுக்கு அடியில் திருகிச் செருகி, கட்டைவிரலால் அழுத்தியிருந்தது. ரூபி மறந்துபோனதை நீங்கள் காலையில் முடித்திருக்கிறீர்கள், அக்கா. வழக்கம்போல ஒரு சுற்று வந்திருக்கிறீர்கள். பச்சைக் கோட்டைப் பார்த்திருக்கிறீர்கள், தொட்டிருக்கிறீர்கள். மகள் முடுக்கியது சரியாக இருக்கிறது என்று தெரிந்துதான் கிளம்பியிருக்கிறீர்கள். "அல்லாம் அப்டியே கீது" என்று சொல்லியிருப்பீர்கள். அதற்குப் பின்னால் வருகிற வார்த்தையை அன்று யாரிடம் சொன்னீர்கள்? நான்தான் இல்லையே.

பெட்டியைத் தனியாக ஒரு கயிற்றில் கட்டி வைத்திருந்தார்கள். அதன் பின் மூலை உள்ளே அமுங்கி, அங்கே நீல பெயிண்ட் ஒரு பட்டையாகச் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. பின்னாலிருந்து ஏதோ ஒன்று வந்து அங்கே இடித்திருக்கிறது. பெரிய வண்டியாகத்தான் இருக்கும். இடித்தது தெரிந்து போனானோ, பனியில் தெரியாமலே போனானோ. பின் சீட்டில் நான் உட்கார்ந்தால் என் வலது கால் தொங்குகிற இடம் அது. என் காலை அங்கே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வைத்துப் பார்த்தேன்.

அந்தப் பெண் போலீஸிடம் கோட்டைக் காட்டி, தகட்டைக் காட்டி, எங்கள் கம்பெனி வேலையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பெரியவரைக் கூட்டிவந்து காட்டினார், போட்டோ எடுத்தார்கள், விசாரிக்கிறோம் என்றார்கள். விசாரித்தும் இருப்பார்கள். அந்த ரோட்டில் விடியற்காலையில் போகிற வண்டிகளில் எதைப் போய்க் கேட்பது?

மறுநாளே ரூபியைக் கூட்டிப்போனேன். வரமாட்டேன் என்றாள், இழுத்துக்கொண்டுதான் போனேன். வண்டிக்கு முன்னால் நிறுத்தி, அவள் கையைப் பிடித்து முதல் போல்ட்டின் மேல் வைத்தேன். பார்த்தாள். அடுத்ததைத் தானே தொட்டாள். நான்கையும் தொட்டாள். திருகிப் பார்த்தாள், அசையவில்லை. மறுபடி திருகினாள், பல்லைக் கடித்துக்கொண்டு, கழற்றிவிடுவது போல. பிறகு ட்யூப் நுனியில் விரல் நின்றது.

"இது நான் சுத்தல" என்றாள்.

"தெரியும்."

"அம்மா சுத்திகீது."

"ஆமா."

"அப்போ என் கோட்ட பாத்துட்டு தான் போயிருக்குது."

"பாத்துட்டுத்தான் போயிருக்காங்க."

அதன் பிறகுதான் அவள் அழுதாள், அக்கா. நீங்கள் போன நாளிலிருந்து அவள் அழாத அழுகை முழுவதும். சீட்டின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அந்தப் பெண் போலீஸும் மதிலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அழுது ஓய்ந்ததும் ரூபி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது சித்தி" என்றாள். பக்கத்துக் கடையில் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அப்போ எவன் சித்தி?"

தெரியாது என்றேன். நீ சாப்பிடு என்றேன்.

அவள் அந்தக் கேள்வியை அந்தக் கடையிலேயே விட்டுவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். காலேஜ் போகிறாள், நகத்துக்குப் பூசுகிறாள், அப்பாவோடு சண்டை போடுகிறாள். கேள்வியை எடுத்துக்கொண்டு வந்தது நான். பஸ்ஸில் ஜன்னல் ஓரச் சீட்டுக்காகச் சின்னப் பெண் மாதிரி சண்டை போடுகிறேன். கன்டெய்னர், டிப்பர், கார் ஏற்றிப்போகிற நீள லாரி, கம்பெனி பஸ்ஸே ஆனாலும், எது பக்கத்தில் வந்தாலும் அதன் இடது முன் மூலையைப் பார்க்கிறேன். பெட்டியின் உயரம் எனக்குத் தெரியும், என் காலின் உயரம்தானே. அந்த உயரத்தில் எங்கேயாவது ஒரு நீலப் பட்டை இருக்கிறதா என்று பார்க்கிறேன். இத்தனை நாளில் மழை கழுவியிருக்கும், புது பெயிண்ட் அடித்திருப்பார்கள், வண்டி வடக்கே எங்கேயோ போயிருக்கும். எல்லாம் தெரியும். கண் கேட்க மாட்டேன் என்கிறது. நீல வண்டி வந்தால் எல்லாம் நீலமாக இருப்பதில் எதைப் பார்ப்பது என்று தவிக்கிறேன். இன்று காலைகூட, ரிமூவர் வாசனைக்கு நடுவே நான் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்து ஒரு டிப்பரைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் புதுப் பெண், "இன்னாக்கா அப்டி பாக்குறீங்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

வண்டி திரும்பி வந்துவிட்டது, அக்கா. உங்கள் வீட்டுக்காரர் யார் சொல்லியும் கேட்காமல் சரி செய்ய வைத்தார். புதுத் தகடு, அதே பெட்டி. அமுங்கிய மூலையைத் தட்டி நிமிர்த்திவிட்டார்கள், தடவினால் கைக்கு மட்டும் தெரிகிறது. நான்கு போல்ட்டையும் ரூபியே முடுக்கினாள், வேறு யாரையும் தொடவிடவில்லை. கோடு பச்சை. ட்யூபைச் சுற்றி நுனியைத் திருகிச் செருகினாள். நின்றுவிட்டது. அவளே நம்பாமல் என்னைப் பார்த்தாள்.

இன்று சாயங்காலம் ஷிஃப்ட் விட்டு வெளியே வந்தால் கேட்டுக்கு எதிரே வண்டியோடு நிற்கிறாள். ஹெல்மெட்டுக்குள் உங்கள் கண். "சும்மா தான் வந்தேன், பஸ் வாணாம், வா" என்றாள். சாவி போடுமுன் இறங்கி வண்டியை ஒரு சுற்று வந்தாள். கண்ணாடி, கால் காப்பு, நம்பர் பிளேட். பெட்டியின் கோட்டைப் பச்சை நகத்தால் தொட்டாள். நீங்கள் சொல்லிக்கொடுத்ததா, கேட்டுக் கேட்டு வந்ததா, அதே ராகம்.

"அல்லாம் அப்டியே கீது சித்தி. ஏறு."

ஏறினேன். கையை அவள் தோளில் வைத்தேன். பின்னால் ஒரு லாரி வருகிற சத்தம் கேட்டது. திரும்பி அதன் மூலையைப் பார்க்காமல், வலது காலைப் பெட்டியின் மேல் அணைத்து வைத்துக்கொண்டேன், இந்தத் தடவை நான் இருக்கிறேன் என்று.